குளிர்கடல் மீனுக்கு நம் ஊர்ப் பக்குவம் போதாது

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கிறோம். சித்திரை மாதம் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கிலிருந்து வந்த உறவினர் தலா ஐந்து கிலோ தேறும் முழு டொர்ஸ்க் (காட்) இரண்டு கொண்டுவந்தார். ஒன்றைக் குழம்பு வைத்தேன். கரண்டி பட்டதும் சிதறிக் கூழாகிவிட்டது. மற்றதை வெட்டினால் சதைக்குள் பழுப்பு நிறப் புழு சுருண்டு கிடந்தது. பயந்துபோய் முழு மீனையும் எறிந்துவிட்டேன். போன ஆடியில் பால்கனியில் கருவாடும் போட்டுப் பார்த்தேன். ஊரில் செய்வதுபோல் ஒரு இரவு உப்பில் வைத்து வெயிலில் காயவிட்டேன். மேலே காய்ந்தது, உள்ளே நாறியது, அங்கங்கே ரோஸ் நிறம் பூத்தது. இனி இந்த மீனை வாங்கலாமா? இதன் ஈரலை ஆறு வயது மகனுக்கும் கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கும் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தாராளமாக வாங்குங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அது பாரைக்கும் விளைமீனுக்கும் அறக்குளாவுக்கும் உரிய பக்குவம். காட் வேறு வகை உடல். குழம்பு உடைந்ததும் கருவாடு கெட்டதும் ஒரே காரணத்தால்தான்: இந்த மீனின் சதை, நொதி, அதன் மேல் வாழும் பாக்டீரியா எல்லாமே பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் இயங்கப் பழகியவை.

கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறைகிறது. சாதாரண மீன் இரத்தம் அதற்கு முன்பே, மைனஸ் 0.7 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். கடுங்குளிர் நீரில் வாழும் காட் தன் இரத்தத்தில் பனிப்படிகம் வளரவிடாமல் தடுக்கும் ஒருவகைப் புரதத்தை ஓடவிட்டுத் தப்பிக்கிறது. வடநோர்வேயின் லோஃபோத்தன் தீவுகளை ஒட்டி அது முட்டையிடும் நீரின் வெப்பம் 4 முதல் 6 டிகிரி. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமும் கிட்டத்தட்ட அதுதான். நம் கடல் மீனை 28 டிகிரி நீரிலிருந்து எடுத்து ஐஸில் போட்டால் அதன் மேலிருக்கும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை முடங்கிவிடும். காட்டின் மேலிருப்பவை முடங்காது, அவற்றுக்கு அது சொந்த ஊர்க் காலநிலை. அதனால்தான் நன்றாக ஐஸ் போட்டு 0 டிகிரியில் வைத்த காட் பிடித்த நாளிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு நாள் உண்ணத் தகுந்ததாக இருக்க, 5 டிகிரிப் பெட்டியில் அது ஐந்தாறு நாளிலேயே நாறத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் அடியில் துளையுள்ள தட்டில் மீனை வைத்து, மேலே ஐஸ் கொட்டி, உருகும் நீர் மீனில் தேங்காதபடி கீழே இன்னொரு பாத்திரம் வையுங்கள். காட் வாங்குவோர் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

இனிக் குழம்பு. காட் சதையை வேகவைத்தால் இதழ் இதழாகப் பிரியும். அந்த இதழ்களை ஒட்டி வைத்திருப்பது கொலாஜன் எனும் மெல்லிய சவ்வு. குளிர்கடல் மீனில் இந்தச் சவ்வு மிக மென்மையானது. கரைசலாக்கிச் சோதித்தால் காட் தோலின் கொலாஜன் 15 டிகிரி வாக்கிலேயே கட்டவிழ்ந்துவிடும். வெப்பக்கடல் மீன்களுடையது 30 டிகிரியை ஒட்டித்தான் அவிழும். சதைக்குள் பின்னிக் கிடக்கும்போது இரண்டும் இதைவிடக் கூடுதலாகவே தாங்கும், ஆனாலும் காட் எப்போதும் முந்திக்கொள்ளும். பாரைத் துண்டு கொதிக்கும் குழம்பில் இருபது நிமிடம் நிற்கும். காட் நிற்காது.

உங்கள் மீன் வந்த மாதமும் இடமும் இன்னொரு காரணம். மாசி, பங்குனி, சித்திரையில் லொட்டே எனப்படும் கேப்லின் மீன் கூட்டம் கூட்டமாக ஃபின்மார்க் கரைக்கு முட்டையிட வருகிறது. அதை விரட்டி வரும் காட் வயிறு புடைக்கத் தின்கிறது. அப்படித் தின்று கொழுத்த மீனின் தசையில் கிளைக்கோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரை நிறைந்திருக்கும். செத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, சதையின் புளிப்புத்தன்மை வழக்கத்தைவிடக் கூடி, இதழ்களைப் பிடித்திருக்கும் சவ்வு அறுந்துபோகும். பச்சையாக இருக்கும்போதே துண்டில் வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். அது பழைய மீன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று பிடித்ததாகவும் இருக்கலாம். குழம்புக்கு மட்டும் ஆகாது.

குழம்புக்கு ஸ்க்ரெய் வாங்குங்கள். அதுவும் இதே காட்தான். பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்து, ஆறேழு வயதில் பருவமடைந்து, முட்டையிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி ஜனவரி முதல் ஏப்ரல் வரை லோஃபோத்தன் பக்கம் வரும் மீன். நீந்தி இறுகிய தசை. வழியில் தீனியும் குறைவு. ஸ்க்ரெய் என்ற முத்திரையோடு விற்க வேண்டுமானால் பிடித்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பொதி செய்து, 0 முதல் 4 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். முதுகுத் துடுப்பில் அடையாளச் சீட்டு தொங்கும். சீட்டில்லாத மீனானால், காட்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: முதுகில் மூன்று துடுப்பு, அடியில் இரண்டு, தாடையின் கீழ் ஒற்றை மீசை, பக்கவாட்டில் வெளிறிய கோடு. அந்தக் கோடு கறுப்பாகவும் தோளருகே பெருவிரல் ரேகை போன்ற கரும்புள்ளியும் இருந்தால் அது ஹைசே (ஹாடக்) எனும் வேறு மீன்.

மீனைத் தோலோடும் முள்ளோடும் நாலைந்து சென்டிமீட்டர் கனத்தில் வட்டத் துண்டாக வெட்டுங்கள். கிலோவுக்கு 15 கிராம் உப்புத் தடவி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, ஊறிய நீரை வடித்துத் துடைத்து எடுங்கள். புரதம் மேற்பரப்பில் இறுகி, வேகும்போது நீர் விடுவது குறையும். குழம்பைத் தனியாகப் பழப்புளி விட்டு முழுதும் கொதித்து வற்றவிடுங்கள். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். பிறகு அடுப்பைத் தணித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக இறக்கி, ஏழெட்டு நிமிடம் மூடி வையுங்கள். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் சதை வெள்ளையாகி முள்ளைவிட்டு விலகி நிற்கும். அதற்கு மேல் சூடாக்கினால் மறுபடி கூழ்தான். மறுநாள் குழம்பை மீனில்லாமல் தனியாகச் சூடாக்கி மேலே ஊற்றுங்கள். பழப்புளியை விடாதீர்கள். காட் சதையிலுள்ள ஒரு சேர்மத்தைப் பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்றும்போது எழுவதுதான் அந்தக் கவிச்சி. அது காரத்தன்மை உடையது, புளி அதை அடக்கிவிடும்.

வெடித்த சித்திரை மீன் கையில் இருந்தால் கவலை வேண்டாம், அது வறைக்கென்றே வந்த மீன். சுறா வறை செய்வதுபோல் அவித்து உதிர்த்து, நன்றாகப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கிளறினால் சுறாவின் அந்த அமோனியா வாடை இல்லாத வறை கிடைக்கும். கட்லெட்டுக்கும் இதுவே நல்லது.

புழுவைப் பற்றி. மீனை எறிந்ததில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அது கெட்ட மீனின் அடையாளமே அல்ல. உயிரோடிருந்தபோதே உடலில் இருந்த ஒட்டுண்ணி அது. சதைக்குள் பழுப்பாக மூன்று நாலு சென்டிமீட்டர் நீளத்தில் இருப்பதைச் சீல் புழு என்பார்கள். வளர்ந்த புழு வாழ்வது சீலின் இரைப்பையில். வெள்ளையாக, கைக்கடிகாரச் சுருள்கம்பி போலச் சுருண்டு ஈரலின் மேலும் வயிற்றோரச் சதையிலும் கிடப்பது அனிசாக்கிஸ். அது வளர்வது திமிங்கிலத்தில். சிறிய இறால் வகைகளைத் தின்னும்போதும், அவற்றைத் தின்ற சிறு மீனைத் தின்னும்போதும் இவை காட்டுக்குள் வருகின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்ற நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள்: அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசையில் துண்டை விரித்து, நிழலாகத் தெரியும் புழுவைக் கத்திமுனையால் எடுத்துப் போடுவது அங்கே அன்றாட வேலை. வீட்டில் கண்ணாடித் தட்டுக்கு அடியில் ஒரு கைவிளக்கு வைத்தால் போதும். வயிற்றோர மெல்லிய சதையை வெட்டி ஒதுக்குங்கள், அதில்தான் அதிகம். மீன் செத்தபின் குடலிலிருந்து சில சதைக்குள் நகரும் என்பதால் குடலை உடனே எடுத்துவிடுவது முக்கியம்.

சதையின் நடுப்பகுதி 60 டிகிரி வெப்பத்தை ஒரு நிமிடம் எட்டினால் புழு செத்துவிடும். மேலே சொன்னபடி வைத்த குழம்பில் அது எட்டிவிடும். கெட்டியான துண்டானால் சமையல் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பதானால் முன்பே உறைய வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய விதி மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்கிறது. அது மீனின் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டிய பிறகான கணக்கு. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் குளிரும், ஒரு வாரம் வையுங்கள். தேசிக்காய்ப் புளியும் வினிகரும் புழுவைக் கொல்வதாக நம்பவே வேண்டாம். வேகாத மீன் தின்ற சில மணி நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவரிடம் போய் மீன் தின்றதைச் சொல்ல வேண்டும். மீன் தின்றபின் உடம்பில் தடிப்பு எழும்பியவர்கள் வேகவைத்த மீனிலும் கவனமாக இருக்க வேண்டும், செத்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

உறைய வைப்பதிலும் காட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கவிச்சி தரும் அதே சேர்மத்தை, பாக்டீரியா இல்லாமலேயே மீனின் சொந்த நொதி மெல்ல உடைத்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். அளவு மிகச் சிறியது, உடம்புக்குப் பயமில்லை. ஆனால் அது புரதத்தைப் பிணைத்துச் சதையைப் பஞ்சாகவும் நாராகவும் ஆக்கிவிடும். மைனஸ் 18 டிகிரியில் மூன்று நாலு மாதத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். அந்த நொதி மிகுந்திருப்பது முதுகெலும்பை ஒட்டி இரத்தக்கட்டுபோல் ஓடும் சிறுநீரகத்தில். ஃப்ரீசரில் போடுமுன் அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது கருவாடு. யாழ்ப்பாணத்து வெயிலில் மெல்லிய மீன் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது, சதையும் அந்த வெப்பத்தைத் தாங்கும். கனமான காட் துண்டை ஆடிமாத வெயிலில் வைத்தால் மேலே தோல்போல் காய்ந்து அடைத்துக்கொள்ளும், உள்ளே ஈரம் வெளியேற வழியில்லை. குளிரிலேயே பெருகும் பாக்டீரியாவுக்கு 20 டிகிரி கொண்டாட்டம். ஒரு இரவு உப்பு நடுச்சதைக்குப் போய்ச் சேரவே இல்லை. ரோஸ் நிறம் உப்பிலேயே இருந்து வருவது. உப்பளத்துக் கடலுப்பில் வாழும் உப்புவிரும்பி நுண்ணுயிர்கள் இளஞ்சூட்டில் பெருகும்போது அப்படிப் பூக்கும். குளிர்பெட்டி வெப்பத்தில் வளராது. பூத்து, இளகி, நாறியதைத் தின்னக் கூடாது.

காட் கருவாட்டுக்கே பிறந்த மீன் என்றுதான் சொல்வேன். காரணம், சதையில் கொழுப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. இருக்கும் கொழுப்பையெல்லாம் ஈரலில் சேர்த்து வைக்கிறது. காயும்போது காறல் ஏறுவது கொழுப்பால்தானே. லோஃபோத்தனில் பிப்ரவரி முதல் மே வரை, தலை நீக்கிய மீனை வாலில் இரண்டிரண்டாகக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள், உப்பே இல்லாமல். மூன்று மாதத்தில் விறகுபோல் ஆகிவிடும். வளைகுடா நீரோட்டத்தின் தயவால் அங்கே வெப்பம் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேயே நிற்பதால்தான் அது நடக்கிறது: மேலே போனால் ஈ மொய்க்கும், கீழே போனால் பனிப்படிகம் சதையைக் கிழித்துவிடும். அந்த மீன் இத்தாலிக்குப் போகிறது, வெட்டிய தலைகளும் காய்ந்து நைஜீரியச் சமையலுக்குப் போகின்றன. ஒஸ்லோ பால்கனியில் அந்த முறை வேண்டாம். உங்களுக்கு ஏற்றது உப்பிட்டு உலர்த்தும் க்ளிப்ஃபிஸ்க் வழி.

முழு மீனைப் பிளந்து போடவும் வீட்டில் இடம் போதாது. தோலோடு முள் நீக்கிய துண்டுகளை மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் வெட்டி, வயிற்றின் கறுப்புச் சவ்வையும் இரத்தத்தையும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு. தூளுப்பு மேற்பரப்பை உடனே இறுக்கி, உள்ளே உப்பு இறங்கவிடாமல் தடுக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் விரற்கடை உயரம் உப்புப் பரப்பி, தோல் கீழே இருக்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் உப்பால் மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்றாம் நாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இன்னும் அரைக்கிலோ உப்பிட்டு இடம் மாற்றி அடுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கனமான துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் கண்ணாடிபோன்ற பச்சைச் சதை தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் சில நாள்.

காயவைப்பது ஐப்பசிக்குப் பிறகு, ஹீட்டர் போடாத பொருளறையில், 10 முதல் 18 டிகிரிக்குள். வெயில் படவே வேண்டாம். கம்பித்தட்டில் பரப்பிச் சின்ன மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பே காற்றிலிருந்து நீரை இழுக்கும், மீன் காயாமல் நனையும். மழைநாளில் விசிறியை நிறுத்தித் தட்டைக் குளிர்பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாரம் ஏற்றி ஓர் இரவு வைத்தால் உள்ளீரம் மேலே வரும், மேலே ஓடுகட்டாது. ஒரு வாரத்தில் பச்சைமீன் எடையில் ஏறத்தாழப் பாதி நிற்கும். கனமான இடத்தில் பெருவிரலால் அழுத்தினால் குழி விழாவிட்டால் பதம் சரி. காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சமைக்குமுன் பத்து மடங்கு நீரில், குளிர்பெட்டிக்குள், 24 முதல் 36 மணி நேரம் ஊறப்போட்டு நாலுமுறை நீர் மாற்றுங்கள். கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால் பச்சைக் காட்டைப்போல் உடையாது, உப்பு இறுக்கிய சதை அது.

கடைசியாக ஈரல், இதில் கண்டிப்பாக இருக்கிறேன். மகனுக்கும் வேண்டாம், தங்கைக்கும் வேண்டாம். காட் ஈரலில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். அதில் விட்டமின் ஏ, டி, ஒமேகா-3 எல்லாம் உண்டு. கூடவே கடலில் கலந்த டையாக்சின், பிசிபி போன்ற கொழுப்பில் தேங்கும் நஞ்சுகளும் உண்டு. பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் மீன் ஈரல் உண்ண வேண்டாம் என்பதே நோர்வே உணவுப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. மீன் முட்டையும் ஈரலும் சேர்த்து அரைத்து டப்பாவில் விற்கும் பசைக்கும் இது பொருந்தும். ஃபியோர்டுக் கரையில் தாமே பிடித்த மீனின் ஈரலை யாருமே உண்ணக் கூடாது.

மகனுக்குக் கடையில் விற்கும் மீனெண்ணெய் (திரான்) கொடுக்கலாம், அது நஞ்சு நீக்கி விட்டமின் அளவைச் சீர்செய்த எண்ணெய். நோர்வேயில் பரவலாக விற்கும் வகையில் 5 மில்லிலிட்டருக்கு விட்டமின் டி 10 மைக்ரோகிராம், விட்டமின் ஏ 250 மைக்ரோகிராம், ஒமேகா-3 சுமார் 1.2 கிராம். நாளுக்கு அந்த ஒரு கரண்டி போதும். விட்டமின் ஏ அல்லது டி சேர்ந்த வேறு மாத்திரையோ சொட்டு மருந்தோ கூடவே கொடுக்காதீர்கள். வீட்டில் ஈரலை உருக்கி எடுக்கும் எண்ணெயில் ஏ எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சீர்செய்யாத எண்ணெயில் ஒரு கரண்டியிலேயே ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டலாம். பெரியவருக்கு நாளுக்கு 3000 மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு, ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போத்தலைத் திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து, லேபிளில் சொன்ன காலத்துக்குள் முடித்துவிடுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

தங்கை விஷயத்தில் திரானையும் தானாகத் தொடங்க வேண்டாம். விட்டமின் ஏ மிகுந்தால் கருவில் வளரும் பிள்ளைக்குக் குறைபாடு வரக்கூடும், அதனால் பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு இந்த எண்ணெயே வேண்டாம் என்கிறார்கள். போத்தலையும், அவர் இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பெட்டியையும் அடுத்த சந்திப்பில் மருத்துவச்சியிடம் காட்டி, இரண்டிலும் உள்ள ஏ அளவைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வெந்த காட் சதையை அவர் தாராளமாக உண்ணலாம்.